1234567 முதன்மை எண்ணா? அவசரப்பட்டால் சறுக்கும் இடங்கள்

கிளிநொச்சியில் நான் எடுக்கும் கணித வகுப்பில் வருடாவருடம் கொடுக்கும் எண் இது. முதன்மை எண்ணா (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணா), இல்லையென்றால் காரணிகள் எவை? கடைசி இலக்கம் 7 என்பதைப் பார்த்தே பாதி வகுப்பு "முதன்மை" என்று எழுதிவிடும். 27, 57 எல்லாம் 7இல்தான் முடிகின்றன. இரண்டும் 3ஆல் வகுபடும்.

அடுத்த சறுக்கல் சுவையானது. இலக்கங்களைக் கூட்டினால் 28. "இருபத்தெட்டு ஏழால வகுபடும், அப்ப முழு எண்ணும் வகுபடும்தானே சேர்?" இல்லை. 10, 100, 1000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1. 3ஆல் வகுத்தாலும் அப்படியே. அதனால்தான் அந்த இரண்டுக்கும் இலக்கங்களைக் கூட்டினால் போதும். 7ஆல் வகுத்தால் 10க்கு மீதி 3, 100க்கு 2. கூட்டல் அங்கே எடுபடாது.

7, 11, 13 மூன்றையும் ஒரேயடியாகச் சோதிக்க வழி உண்டு. அவற்றின் பெருக்கம் 1001. 1000 அதற்கு ஒன்று குறைவு, ஆகவே எண்ணை வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கழித்துக் கூட்டி 567 − 234 + 1 என்று போட்டால் 334. அது 7, 11, 13 எதனாலும் வகுபடாது, ஆகவே 1234567உம் வகுபடாது. இதிலும் சிலர் பன்னிரண்டு இலட்சம் என்று வாயால் சொன்ன பழக்கத்தில் 12, 34, 567 என்று வெட்டிவிடுவார்கள். விடை கெட்டுப்போகும்.

பெரிய பிழை, பாதியில் கைவிடுவது. 97 வரை வகுத்துப் பார்த்துவிட்டுப் பேனையை வைத்துவிடுவார்கள். குளக்கட்டில் கசிவு தேடுகிறவர் துருசடியை (மதகடியை) மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாரா? 1111இன் வர்க்கம் 1234321, 1112இன் வர்க்கம் 1236544. இரண்டு காரணிகளும் 1111ஐத் தாண்டினால் பெருக்கம் நம் எண்ணை மிஞ்சிவிடும். ஆகவே 1111 வரையுள்ள முதன்மை எண்களைச் சோதிக்க வேண்டும், மொத்தம் 186. பயப்பட வேண்டாம், 97க்கு அப்புறம் ஆறாவதிலேயே அகப்படும்: 101, 103, 107, 109, 113, 127.

1234567 = 127 × 9721

சரி, 9721? இங்கே கெட்டிக்காரப் பிள்ளைகளும் மறுபடி 2, 3 என்று தொடங்கி நேரத்தை வீணாக்குவார்கள். 127க்குக் கீழே எதுவும் முழு எண்ணை வகுக்கவில்லை என்றால் 9721ஐயும் வகுக்காது. அதன் வர்க்கமூலம் 99ஐக்கூடத் தொடாது. எனவே 9721 முதன்மை எண், வேலை முடிந்தது.

காரணிகள் நான்கு: 1, 127, 9721, 1234567. முதலையும் கடைசியையும் விட்டுவிட்டு "இரண்டு" என்று எழுத ஒருவராவது இருப்பார்.

1234567 × 8 + 7 = 9876543 என்ற அழகையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். பார்க்கத்தான் அழகு, காரணி தேட உதவாது.

அடுத்த கிழமை 123456789. இலக்கக் கூட்டல் 45, ஆக 9ஆல் வகுபடும். 45 ஐந்தாலும் வகுபடுகிறதே என்று யார் கை தூக்குகிறார்கள் பார்ப்போம்.