நகராட்சி ரோடு வேலை: மேற்பார்வை பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பணி ஆய்வாளராகப் புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரமே கையில் கிடைப்பது ஒரு புகார்ப் பட்டியல். எந்தத் தெருவில் குழி, எந்த முனையில் ரோடு பெயர்ந்து கிடக்கிறது, எந்த வார்டு கவுன்சிலர் எத்தனை தடவை போன் செய்தார் என்று நீளமாக இருக்கும். கூடவே எட்டுப் பத்து ஆட்கள், ஒரு மேஸ்திரி, ஒரு டிராக்டர். டெல்டா பக்கத்து நகராட்சி ஒன்றில் பல வருடம் இந்த வேலையைப் பார்த்தவன் நான். நானும் என்னோடு இருந்தவர்களும் செய்த தவறுகளில் முக்கியமானவற்றை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் அதே குழியில் விழ வேண்டாம்.

குழியைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் வருவது

எங்கள் ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு. அதில் ஒரே இடத்தில் ஒரே குழி. ஒரு வருடத்தில் மூன்று தடவை ஒட்டுப் போட்டோம். போட்ட ஒட்டு ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மாதத்தில் பிய்ந்து வந்தது. கலவை சரியில்லை என்று தார்க் கலவை தயாரிக்கும் பிளாண்ட்காரரைத் திட்டினேன், ரோலர் சரியாக ஓட்டவில்லை என்று டிரைவரைத் திட்டினேன்.

நாலாவது தடவை போனது மாசி மாதம். மேஸ்திரி குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடியில் கிடந்த ஜல்லியை ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று ஈரம். “மழை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு சார், இதுக்கு ஏது தண்ணி?” என்றார். குடிநீர்ப் பிரிவு ஃபிட்டரைக் கூப்பிட்டுத் தோண்டிப் பார்த்தால், வீட்டு இணைப்புக் குழாயின் மூட்டில் கசிவு. சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அடித்தளம் முழுக்க ஊறிச் சேறாகியிருந்தது. குழாயைச் சரி செய்து, ஈர மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, புது வெட்மிக்ஸ் (ஜல்லியும் கிரஷர் தூசியும் தண்ணீர் விட்டுக் கலந்தது) போட்டு இடித்து, மேலே தார்க் கலவை போட்டோம். அதற்கப்புறம் அந்தக் குழி என் பட்டியலில் வரவேயில்லை.

அன்றிலிருந்து எந்தக் குழிக்குப் போனாலும் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், எங்கே நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். தார் ரோடு கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். மேலே சின்ன விரிசல் விழும், அது வழியாகத் தண்ணீர் இறங்கும், அடித்தளம் இளகும். அதன்மேல் லாரிச் சக்கரம் ஏறும்போது கல்லிலிருந்து தார் கழன்றுவிடும். குழியை மட்டும் நிரப்பிவிட்டு வந்தால் தண்ணீர் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும்.

பல இடங்களில் காரணம் குழாய்கூட இல்லை, பெர்ம் என்கிற ரோட்டோர மண்தான். அந்த மண் வருடா வருடம் புல் முளைத்து, குப்பை சேர்ந்து, ரோட்டைவிட உயர்ந்துவிடும். ரோட்டில் விழுந்த மழை வாய்க்காலுக்குப் போக வழியில்லாமல் ஓரத்திலேயே நிற்கும். தார் ரோட்டுக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு இருக்க வேண்டும். ஆறு மீட்டர் அகல ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஆறேழு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அந்தச் சரிவு இருந்தும் ஓரத்தில் மண் அணை கட்டியிருந்தால் பிரயோஜனம் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், புரட்டாசிக்குள் பெர்ம் வெட்டி, வடிகால் வாயைத் திறந்துவிடுங்கள். இந்த வேலைக்கு நாலு மண்வெட்டியும் இரண்டு கடப்பாரையும் போதும். செலவு குறைவு என்பதாலேயே இதைத் தள்ளிப் போடுகிறோம். என் அனுபவத்தில் ரோட்டை அதிக நாள் காப்பாற்றும் வேலை இதுதான்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீட்டு வாசல்களைப் பள்ளமாக்குவது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். பராமரிப்பு வேலைக்கும் இந்த எண்ணம் பொருந்தும். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுத் திட்டாக்கினால், அந்தத் திட்டே அடுத்த மழைக்குத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும்.

குழியைத் தயார் செய்யாமல் கொட்டுவது

வாகனச் சத்தத்துக்கு நடுவே, பின்னால் ஹாரன் அடிக்கும் அவசரத்தில் இந்தத் தவறு நடக்கும். குழி வட்டமாக, ஓரம் சரிந்து, உள்ளே தூசியோடு இருக்கும். அப்படியே கலவையைக் கொட்டித் தட்டிவிட்டால் ஓரத்தில் கலவை மெல்லிசாகப் படியும். முதலில் பிய்வது அந்த ஓரம்தான்.

நல்ல ரோடு தட்டுப்படும் வரை ஓரத்தைக் கட்டமாக, செங்குத்தாக வெட்டச் சொல்லுங்கள். உதிரியை அள்ளி, துடைப்பத்தால் பெருக்கி, தூசி போக வேண்டும். அப்புறம் டேக் கோட், அதாவது கலவை ஒட்டுவதற்காகத் தெளிக்கும் மெல்லிய தார்ப் பூச்சு. பழைய தார்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) போதும். அடியில் மட்டும் தெளித்துவிட்டு நிறுத்தாமல் வெட்டிய பக்கச் சுவர்களிலும் பூச வேண்டும். தெளித்ததும் காப்பி நிறத்தில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கறுக்கும். கறுத்த பிறகுதான் கலவை போட வேண்டும். பல இடங்களில் அந்தச் சில நிமிடம்கூடக் காத்திருப்பதில்லை. அதிகமாக ஊற்றினால் நன்றாக ஒட்டும் என்ற எண்ணமும் தவறு. அதிகப்படி தார் கோடையில் மேலே கசிந்து வழுக்கும்.

குழி ஆழமாக இருந்தால் ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வரட்டும். திமிசுக்கட்டையால் நாலு இடி இடித்துவிட்டால் போதும் என்று விடக் கூடாது. அதிர்ந்து இறுக்கும் சின்ன பிளேட் காம்பாக்டர் இயந்திரமாவது கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் செங்கல் கட்டியும் கட்டட இடிபாடும் கொட்டி மூடச் சொல்லி நெருக்கடி வரும். நானும் செய்திருக்கிறேன். இரண்டே நாளில் செங்கல் மாவாகிச் சேறாகும், டூவீலர்கள் வழுக்கி விழும். அவசரத்துக்கு மூட்டையில் வரும், சூடாக்காமலே போடக்கூடிய குளிர் கலவையைக் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொள்ள அதிகாரியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அது இல்லையென்றால் ஜல்லியோடு கிரஷர் தூசி கலந்து இறுக்கி, கொடி கட்டிவிட்டு வாருங்கள். மழை விட்டதும் முறையாகப் போடலாம்.

ஆறிப்போன கலவையை வாங்கிக்கொள்வது

பிளாண்ட் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வழியில் ரயில்வே கேட், டிராபிக். வண்டி வந்து சேரும்போது கலவையின் சூடு என்ன என்பதை அளந்து பார்க்கிற பழக்கம் பல ஊர்களில் இல்லை. வி.ஜி.30 என்ற வகைத் தாராக இருந்தால் கொட்டிப் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்குக் கீழே எத்தனை தடவை ஓட்டினாலும் கலவை இறுகாது.

தெர்மாமீட்டர் ஒன்றை ஜீப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாலும் ஓரளவு தெரியும். நல்ல சூட்டில் இருக்கும் கலவை மினுமினுப்பாக, கொட்டும்போது சரிந்து விழும். ஆறிப்போனது கட்டி கட்டியாக, மங்கலாக விழும். நீலப் புகை வந்தால் அளவுக்கு மீறிச் சூடேற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், தார் கருகியிருக்கும். இரண்டையும் திருப்பி அனுப்ப உங்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் தடவை திருப்பி அனுப்பும்போது பெரிய சண்டை வரும். நேரம், சூடு, வண்டி எண் மூன்றையும் அங்கேயே எழுதி வைத்தால் இரண்டாவது தடவை வராது.

வண்டி வருவதற்கு முன்பே குழிகளை அளந்து சுண்ணாம்பால் குறி போட்டிருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் குழியை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு நிரப்ப, இறுகிய கணக்கில் சுமார் 115 கிலோ கலவை பிடிக்கும். ஐந்து டன் வந்தால் நாற்பத்துச் சொச்சம் சதுர மீட்டர். இந்தக் கணக்கு இல்லாமல் வண்டியை வரவழைத்தால் கடைசியில் மிஞ்சியதை எங்கேயாவது கொட்டுவோம். இல்லையென்றால் பற்றாமல் கனத்தைக் குறைப்போம்.

ரோலர் சக்கரத்திலும் மண்வெட்டியிலும் கலவை ஒட்டாமல் இருக்க டீசல் தடவுவது பழைய பழக்கம். டீசல் தாரைக் கரைத்துவிடும், அந்த இடம் இளகும். ரோலருக்குத் தண்ணீர் போதும், மண்வெட்டிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆட்கள் டீசலால் கை கழுவுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். தோல் வெடித்துப் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெயில் தார் கழன்று வரும்.

மூட முடியாத அளவுக்குத் தோண்டிவைப்பது

காலையில் ஆட்கள் உற்சாகமாக இருப்பார்கள், பதினைந்து குழிகளை வெட்டிவிடுவார்கள். மத்தியானம் வரும் கலவை பத்துக் குழிக்குத்தான் காணும். மீதி ஐந்து குழிகள் செங்குத்தான ஓரத்தோடு ராத்திரி முழுக்கக் கிடக்கும். முன்பு இருந்த சரிவான குழியைவிட இது பல மடங்கு ஆபத்து. தெருவிளக்கு எரியாத இடமாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மூடக்கூடியதை மட்டும் வெட்டுங்கள். எதிர்பாராமல் நின்றுபோனால் வெட்மிக்ஸ் போட்டு மட்டமாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

வேலை நடக்கும்போது போக்குவரத்தைக் கையாள ஐ.ஆர்.சி. என்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி.55 வழிகாட்டி இருக்கிறது. அதை முழுக்கப் படிக்க நேரமில்லை என்றாலும் சிலவற்றை விடாதீர்கள்: முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, கோன்கள், இரண்டு முனையிலும் கொடியோடு ஒவ்வொரு ஆள், எல்லோருக்கும் ஒளிரும் சட்டை. கொடி பிடிப்பதற்கு “சும்மா நிற்கிற ஆள்” என்று யாரையாவது அனுப்பக் கூடாது. பதற்றப்படாத, குரல் உள்ள ஆளை நிறுத்துங்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, ரோடு பராமரிப்பில் தரத்தைப் பின்பற்றாமல் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அபராதத்தை விடுங்கள். நாம் விட்டு வந்த குழியில் ஒருவர் விழுந்தார் என்று காலையில் போன் வந்தால் அதை மறக்கவே முடியாது.

ஆட்களின் உடம்பை மறப்பது

தார் காய்ச்சும் இடத்தில் ஈரமான டிரம்மை ஏற்ற விடாதீர்கள். சூடான தாருக்குள் தண்ணீர் போனால் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரிந்து, நுரைத்துப் பொங்கி மேலே தெறிக்கும். யார் மேலாவது தார் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தது இருபது நிமிடம். ஒட்டிய தாரைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வந்துவிடும். மண்ணெண்ணெய், பேஸ்ட், இங்க் எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வேலை இடத்தில் இரண்டு குடம் சுத்தமான தண்ணீர் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

கோடையில் வெயிலும் தார்ச் சூடும் சேர்ந்து ஆளைச் சுருட்டிவிடும். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கே தொடங்கி பதினொன்றுக்குள் கனமான வேலையை முடியுங்கள். ஜல்லி சுமக்கும் அக்காக்கள் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். காலையிலேயே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலோ ரேஷன் கடையிலோ சொல்லி வழி செய்து கொடுப்பது உங்கள் வேலை.

அப்புறம் ஒன்று, இதில் சமாதானமே கிடையாது. ரோட்டு வேலை நடக்கும்போது பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கி மட்டம் சரி செய்வோம். உள்ளே மண் விழுந்திருக்கும், அடைத்திருக்கும். “கொஞ்சம் இறங்கி எடுத்துடுப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளை விழ வைக்கும், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவார். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தத் தொகையும் அந்த உயிருக்கு ஈடாகாது. இயந்திர வண்டி வரும் வரை வேலை நிற்கட்டும்.

அளக்காமல் எழுதுவது

வேலை அளவுகளைப் பதியும் எம்-புக்கில் மற்றவர் சொன்ன அளவை எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். டேப்பின் ஒரு முனை உங்கள் கையில் இருக்கட்டும். நீளம், அகலம் எல்லோரும் அளப்பார்கள். ஆழம் நிரப்புவதற்கு முன்னால்தான் தெரியும், அப்புறம் யாராலும் அளக்க முடியாது. அதனால் குழி வெறுமையாக இருக்கும்போதே ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து, அன்றைக்கே எழுதி முடியுங்கள்.

ஒட்டுப் போட்ட இடத்துக்குத் திரும்பிப் போகாமல் இருப்பதையும் தவறாகத்தான் சொல்வேன். நல்ல மழை பெய்யும்போது ஒரு குடையோடு, மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக நடங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த வீட்டுப் படிக்கட்டு வடிகாலை அடைக்கிறது, நீங்கள் போட்ட ஒட்டின் எந்தப் பக்கம் நீர் தேங்குகிறது என்று நோட்டில் குறியுங்கள். மறுநாள் வெயில் வந்துவிட்டால் இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. தை பிறந்ததும் எந்தத் தெருவில் முதலில் கடப்பாரை போட வேண்டும் என்பது அந்த நோட்டில் இருக்கும்.