சிவப்பழகு க்ரீமில் பாதரசம் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

மதுரையில் அழகுசாதனப் பொருள்களைச் சோதிக்கும் வேலைக்கு நான் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாதம் சேர்ந்த இரண்டு பேரும் அன்று நான் செய்த பிழைகளையே செய்கிறார்கள். கையுறை, குடுவை கழுவுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

ஹாட் பிளேட்டில் வற்றவைப்பது

ஈயம் பார்த்துப் பழகிய கை செய்யும் பிழை இது. பீக்கரில் க்ரீமை எடுத்து, நைட்ரிக் அமிலம் ஊற்றி, ஏறக்குறைய வற்றும்வரை சூடாக்குவார்கள். ஈயம் அடியில் கிடக்கும். பாதரசம் ஆவியாகிப் போய்விடும்.

மேலூரிலிருந்து ஒரு அம்மா, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஃபேன்சி கடையில் வாங்கிய க்ரீமைக் கொண்டுவந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி இல்லை. விளிம்பில் உலர்ந்த க்ரீம் சாம்பலாகக் கறுத்திருந்தது. இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். முடிவு 0.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.7 பங்கு) என்று எழுதினேன். பாதரசம் சேர்த்து அழகுசாதனம் தயாரிப்பதே நம் நாட்டில் தடை. தெரியாமல் கலந்திருந்தாலும் முகக் க்ரீமில் 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. ஆக, என் தாள் அந்த டப்பாவுக்கு நற்சான்றாகிவிட்டது.

என்னை நம்பவைத்தது ஸ்பைக். அளவு தெரிந்த பாதரசத்தைச் சேர்த்துப் பார்த்தேன். 98 சதவீதம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதைச் சேர்த்தது வற்றவைத்து முடித்த பிறகு! அதற்குமுன் பறந்துபோனதைப் பற்றி அந்த 98 என்ன சொல்லும்? எடைபோட்ட உடனே, அமிலம் ஊற்றும் முன்பே சேர்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

ஐந்து வாரம் கழித்து மூத்தவர் ஒருவர், மிச்சமிருந்த க்ரீமை மூடிய கலனில் மைக்ரோவேவில் கரைத்துப் பார்த்தார்: 46 பிபிஎம். தொலைபேசியில் சொன்னேன். “உங்கள் தாளைப் பார்த்துத்தானே பூசினாள்” என்றார் அந்த அம்மா. இந்தப் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிவப்பழகு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான செய்தியைப் படித்தபோது அந்தக் குரல்தான் என் காதில் கேட்டது. ஸ்பைக்கைக் கடைசியில் சேர்க்கிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கையடக்க எக்ஸ்ரே கருவியே போதும் என்பது

ஆயிரக்கணக்கான பிபிஎம் உள்ள டப்பாவை அது சில நொடிகளில் காட்டிக்கொடுக்கும். 1 பிபிஎம் வரம்புக்கு அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிளாங்க் ஓட்டாமல் அடுத்த மாதிரிக்குப் போவது

பிளாங்க் என்பது க்ரீம் சேர்க்காத வெறும் கரைசல். முந்தைய மாதிரியின் பாதரசம் கருவியின் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் சுத்தமான க்ரீமின் மேல் பழி விழும்.

ஒரே டப்பாவை வைத்து முடிவுகட்டுவது

வேறு பேட்சிலும் ஒன்று வாங்குங்கள்.

மிச்ச மாதிரியைக் கொட்டிவிடுவது

வேண்டாம். மேலூர் க்ரீமில் ஒரு கரண்டி மிச்சமிருந்ததால்தான் அந்த 46 வெளியே வந்தது.