கதிரியக்க அயோடின் ஏற்புச் சோதனை: ஆயத்தமும் அளவீடும்

தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டே தன் ஹார்மோன்களை உருவாக்குவதால், வாய்வழி கொடுத்த கதிரியக்க அயோடினில் எத்தனை விழுக்காட்டை அது ஈர்த்துக்கொள்கிறது என்பதிலிருந்து அதன் செயல்வேகத்தை அறியலாம். ரத்தத்தில் ஹார்மோன் மிகுந்திருப்பதை ரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். அந்த மிகுதி சுரப்பி புதிதாகச் சுரந்ததா, அழற்சியால் சேமிப்பிலிருந்து கசிந்ததா என்று பிரித்தறியவே இச்சோதனை பெரிதும் உதவுகிறது. ஹார்மோன் குறைபாட்டைக் கண்டறிய இது பொதுவாகத் தேவைப்படாது.

முடிவின் நம்பகத்தன்மை ஆயத்தத்தில்தான் இருக்கிறது. உடலில் சாதாரண அயோடின் ஏற்கெனவே நிறைந்திருந்தால், நன்கு இயங்கும் சுரப்பிகூடக் கதிரியக்க அயோடினை ஏற்காது. ஆகையால் சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் கலந்த மருந்து செலுத்தப்பட்டிருந்தால் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் அமியோடரோனின் தாக்கமோ பல மாதங்கள் நீடிக்கும். தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோலைச் சில நாள்களும் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினைச் சுமார் நான்கு வாரங்களும் நிறுத்துவது வழக்கம் என்றாலும், எந்த மருந்தையும் மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்யாமல் சோதனையைத் தொடங்கவே கூடாது; கருவின் தைராய்டும் அயோடினை ஈர்க்கும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இது தவிர்க்கப்படுகிறது.

வெறும் வயிற்றில் அயோடின் 123 அல்லது அயோடின் 131 அடங்கிய கேப்ஸ்யூல் விழுங்கத் தரப்படும். முன்னதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) சுமார் 13 மணி நேரம், பின்னதன் அரை ஆயுள் 8 நாள். அயோடின் 131 பீட்டா கதிரையும் வெளியிட்டுச் சுரப்பியைக் கூடுதல் கதிர்வீச்சுக்கு உள்ளாக்குவதால், கிடைக்குமிடத்தில் அயோடின் 123ஐத் தேர்வது நல்லது. 4 முதல் 6 மணி நேரத்திலும், மீண்டும் 24 மணி நேரத்திலும் கழுத்துக்கு முன்னே உணர்கருவியை வைத்துக் கதிர் எண்ணிக்கையை எடுப்பார்கள். சுரப்பிக்கு வெளியே உடலில் உள்ள கதிரியக்கத்தை நீக்கத் தொடையில் எடுத்த எண்ணிக்கையை அதிலிருந்து கழித்து, கழுத்தைப் போல் செய்த செயற்கை மாதிரியில் வைத்த அதே அளவு அயோடினின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும். நோயாளியின் கழுத்தையும் மாதிரியையும் ஒரே நேரத்தில், ஒரே தொலைவில் எண்ணினால் கதிரியக்கத் தேய்வுக்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை.

24 மணி நேரத்தில் ஏறத்தாழ 10 முதல் 30 விழுக்காடு வரை இயல்பு எனலாம். மக்கள் உண்ணும் அயோடின் அளவைப் பொறுத்து இவ்வெல்லை ஊருக்கு ஊர் மாறும். ஹார்மோன் மிகுந்த நோயாளியிடம் ஏற்பும் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியை மிகையாகத் தூண்டும் கிரேவ்ஸ் நோயே காரணம். ஏற்பு மிகக் குறைந்திருந்தால் தைராய்டு அழற்சியையோ, வெளியிலிருந்து உட்கொண்ட தைராக்சினையோ ஐயுற வேண்டும். ஆனால் அம்முடிவுக்கு வருமுன் அண்மையில் அயோடின் ஏதும் உடலில் சேர்ந்ததா என்று மறுபடியும் விசாரித்து, ஐயம் தீராவிட்டால் சிறுநீரில் அயோடின் அளவையும் பார்த்துவிட வேண்டும்.