சேலத்தில் மாண்ட பட்டாளத்துக்காரரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

குடும்ப பைபிளில் "சேலத்தில் காலமானார்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். இல்லாவிட்டால் ஏற்காட்டுக் கல்லறையில் பாதி அழிந்த ஒரு பெயர் இருக்கும். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். சங்ககிரிப் பக்கம் இறந்துபோன ஒரு வெள்ளைக்கார சிப்பாயை வெளிநாட்டு நண்பர் ஒருவருக்காகத் தேடித் திரிந்தபோது எனக்குப் பிடிபட்ட வழி இது.

முதல் படி: எந்தப் படை?

பெயரைத் தட்டித் தேட உட்காராதீர்கள். ஜான் ஸ்மித்துகளும் தாமஸ் பிரௌன்களும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள். ஆள் எந்தப் படையில் இருந்தார் என்பதுதான் முதல் கேள்வி. நிறையப் பேர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். நானும் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

கம்பெனி ஆட்சி முடியும்வரை இங்கே இரண்டு வெள்ளைக்காரப் படைகள் இருந்தன. ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்தச் சம்பளத்தில் வைத்திருந்த ஐரோப்பியப் பட்டாளம். இன்னொன்று பிரிட்டிஷ் அரசரின் படை. 1754-ல் 39-வது ரெஜிமென்ட் வந்து இறங்கியதிலிருந்து இவர்கள் மாறி மாறி வந்துபோனார்கள். கம்பெனி ஆளின் காகிதங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. சென்னைப் படைக்கு 'எல்/மில்/11' என்ற வரிசையைப் பாருங்கள். அரசரின் ஆள் என்றால் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகம். ஒரு இடத்தில் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

1861 வாக்கில் கம்பெனியின் ஐரோப்பியப் படைகள் அரசுப் படையோடு சேர்ந்தபோது பெயர்களும் மாறின. சென்னையின் முதல் ஐரோப்பிய ரெஜிமென்ட் 102-வது ரெஜிமென்டாகி, 1881-ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் கலந்தது. ஒரே ஆள், ஒரே பட்டாளம், ஆனால் பத்தாண்டு தள்ளிப் பார்த்தால் வேறு பெயர், வேறு ஆவணக்காப்பகம்.

இரண்டாவது படி: எந்தச் சேலம்?

பழைய பதிவில் சேலம் என்றால் ஜங்ஷனும் செவ்வாப்பேட்டையும் மட்டும் அல்ல. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டம்தான். இன்றைய கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது. நாமக்கல் 1997-ல் பிரிந்தது. 1911-க்கு முன்னால் திருப்பத்தூரும் சேர்த்தி. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்கப் போய்த் தோற்றதே, அது நடந்தபோது இந்த மாவட்டமே உருவாகவில்லை. 1792-ல்தான் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது.

ஊர்ப்பெயரை அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். சங்ககிரியைச் 'சங்கரி துரூக்' என்றும் தேடுங்கள். 'மெட்ராஸ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம்தான் பக்கம் பக்கமாக வரும்.

மூன்றாவது படி: அடக்கப் பதிவு

முதலில் இலவசமானவற்றை முடித்துவிடுங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுபவர்களின் சங்கமான ஃபிபிஸின் தளமும், ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளமும் போதும். ஃபிபிஸ்தான் என் விருப்பம். அதைக் கட்டியவர்களுக்கு இந்திய ஊர்களும் ரெஜிமென்ட்களும் தெரியும். கட்டணத் தளங்களில் மற்றவர்கள் போட்டுவைத்திருக்கும் குடும்ப மரங்களை நான் நம்புவதில்லை. ஒருவர் போட்ட தப்பை எல்லோரும் நகல் எடுத்திருப்பார்கள்.

இந்தத் தளங்களின் பெயர் அட்டவணையில் ஆள் கிடைத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். சென்னை மாகாணத் தேவாலயங்கள் லண்டனுக்கு அனுப்பிய பதிவேட்டு நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களின் படம் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டி வேலையை முடித்துக்கொள்ளலாம். படத்தில் பாருங்கள்: இறந்த நாள் வேறு, புதைத்த நாள் வேறு. பிற்காலப் படிவங்களில் காரணத்துக்கும் இடம் உண்டு. காலரா, காய்ச்சல், சீதபேதி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கடைசிப் பத்தியில் யார் அடக்கம் செய்தார் என்ற கையெழுத்தையும் விடாதீர்கள். பாதிரியார் இல்லாத ஊரில் ஒரு அதிகாரியே ஜெபம் சொல்லிப் புதைத்திருப்பார்.

நான்காவது படி: பட்டாள வருகைப் பதிவு

கியூவில் உள்ள போர் அலுவலக (டபிள்யூஓ) ஆவணங்களில் 'டபிள்யூஓ 97' என்ற வரிசையை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். அது பென்ஷன் வாங்கி வெளியேறியவர்களுக்கானது. பணியில் இறந்தவர் பொதுவாக அதில் இருக்கமாட்டார். அரசரின் ஆளுக்கு 'டபிள்யூஓ 12' வருகைப் பதிவேடுதான் சரி. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இருக்கும். இறந்த காலாண்டின் கடைசியில் படையிலிருந்து கழிந்தவர்களின் பட்டியல் இருந்தால், பிறந்த ஊர், பழைய தொழில், சேர்ந்த தேதி எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். இது கியூவுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியது, அல்லது அங்கே கூலிக்குத் தேடித் தருபவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது படி: கல்லறை

கிளம்புவதற்கு முன் ஜே.ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை வாசகத் தொகுப்பைப் பாருங்கள். இணைய ஆவணக்காப்பகத்தில் (archive.org) இலவசம். இன்று படிக்க முடியாத கல்லை அன்றே படித்து வைத்திருக்கலாம்.

ஏற்காட்டுப் பனியில் கல் முழுக்கப் பாசி ஏறியிருக்கும். கம்பி பிரஷ், ஆசிட், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். சாயங்காலம் போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். அப்போது போட்டோ எடுங்கள். ஏற்காடு பெரிய கன்டோன்மென்ட் அல்ல. காப்பித் தோட்டக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் தங்கிய மலை. எனவே 'கேப்டன்' என்று கல்லில் இருந்தாலும் ஆள் சீருடையைக் கழற்றிப் பல வருடம் ஆகியிருக்கலாம். அப்படியானால் பென்ஷன் பக்கம் தேடுங்கள்.

பிற்சேர்க்கை: நம்ம ஊர் சிப்பாய்கள்

"எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பவில்லை, அவரை எப்படித் தேடுவது?" என்று இதைப் படித்த சிலர் கேட்டார்கள். மேலே சொன்ன தேவாலயப் பதிவுகளில் அவர் இருக்க வாய்ப்பு குறைவு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்துக்குப் போங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுவிடுங்கள். இந்தியப் படை என்று தேர்ந்தெடுத்து, கூடுதல் தகவல் பெட்டியில் 'சேலம்' என்று ஆங்கிலத்தில் போடுங்கள். தகப்பன் பெயர், கிராமம், தாலுகா பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்புறம் ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். பட்டியலை இறக்கி விரிதாளில் வடிகட்டினால் வேலை சுலபம்.

தேடியதில் ஈராக்கின் பாஸ்ரா நினைவிடம் என்று வந்தால் அங்கே கல்லில் பெயரைத் தேட வேண்டாம். இந்தியச் சாதாரண சிப்பாய்களின் பெயர்களை அங்கே பொறிக்கவே இல்லை, பதிவேட்டில்தான் உண்டு. இத்தகைய பாகுபாட்டுக்காக 2021-ல் ஆணையமே மன்னிப்புக் கேட்டது. இன்னொன்று, முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களை மட்டுமே அந்தத் தளம் சேர்த்திருக்கிறது. அதற்குப் பிறகு இறந்தவர் என்றால் ரெஜிமென்ட் பக்கம் போங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன், சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. கடிதத்தில் படை எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.