படகு எஞ்சின் மிஸ் ஆகிறதா? பைக் வைத்தியம் வேண்டாம்

கிருஷ்ணகிரியில் கடலும் இல்லை, படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பழுது பார்க்கும் பட்டறை தெருவுக்குத் தெருவும் இல்லை. ஒகேனக்கல் பரிசலுக்குத் துடுப்பே போதும். எனவே ஏரியில் ஓடும் மோட்டார் படகோ, வெள்ளக் காலத்துக்கென்று நிறுத்தி வைத்த மீட்புப் படகோ திணறத் தொடங்கினால், எஞ்சின் இருசக்கர வாகன மெக்கானிக்கிடம்தான் போய்ச் சேர்கிறது. அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். சிக்கல் அவருடைய பைக் பழக்கத்தில் இருக்கிறது.

மிஸ் ஆகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் திணறுகிறது என்றதும் கை தானாக பிளக் ஸ்பேனரைத் தேடும். பழைய பிளக்குகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவற்றை மாட்டுவார்கள். எஞ்சின் சற்று நேரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் திணறும். தூக்கி எறிந்த பிளக்கில்தான் பதில் இருந்தது. கழற்றியவற்றை எந்த சிலிண்டரில் இருந்து வந்தவை என்று வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்துப் பாருங்கள். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை. வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எஞ்சின் சூடேறுகிறது. நீர்த்துளி தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். பிறகு சந்தேகப் பிளக்கையும் நல்ல பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால் காயில், ஒயர், கார்புரேட்டர், கம்ப்ரஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எஞ்சின் சரியாகலாம்; எதனால் சரியானது என்பது யாருக்கும் தெரியாது, பில் மட்டும் நீளும்.

ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் வித்தையும் வேண்டாம். கையில் ஷாக் அடிப்பது ஒருபுறம் இருக்க, தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தரும் சிடிஐ யூனிட்டும் கெடலாம். அதன் விலையோடு ஒப்பிட்டால் ஸ்பார்க் டெஸ்டர் மிக மலிவு.

தீப்பொறி நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பல அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார்கள். உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கார்புரேட்டரில் விட்ட பெட்ரோலோ பிசினாகி, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். தினமும் ஓடும் பைக்கில் இந்தத் தொல்லை அரிது. விடுமுறை நாளிலோ வெள்ளத்திலோ மட்டும் வெளியே வரும் படகில் இதுதான் முதல் சந்தேகம். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து அசையாமல் வைத்தால் அடியில் பிரிந்து நிற்பது தெரியும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும்: டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறப்பது. எஞ்சின் கிளம்பும், கொஞ்ச தூரம் போகும், பிறகு மூச்சு முட்டி நிற்கும். ஓடும்போது பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பு ஒட்டிப்போய்ச் சப்பையாக இருந்தால் அதற்காகக் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம், முதலில் திருகைத் திறங்கள்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பைக் 2டி ஆயில் ஊற்றுவதும் தவறு. அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) தர ஆயில் வேண்டும். கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ‘கூட ஒரு மூடி இருக்கட்டும்’ என்று ஊற்றினால் பிளக் கறுத்து, இல்லாத மிஸ்ஸிங்கும் வந்து சேரும்.

பட்டறையில் ஸ்டாண்டில் மாட்டி, தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பார்ப்பதுதான் மிகக் கொடுமை. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். குறைந்தபட்சம் ஒரு டிரம் தண்ணீரில் எஞ்சினின் கீழ்ப்பகுதியை இறக்கி ஓட்டுங்கள். அங்கேயும் ஐடிலிங் மட்டுமே தெரியும். சுமையில் மிஸ் ஆகிறதா என்பதை ஏரியில், கியர் போட்டு, படகு இழுக்கும்போதுதான் பார்க்க முடியும்.

ஏரியில் திணறினால் உடனே கவரைத் திறக்காதீர்கள். எஞ்சினை அணைத்து, எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கயிற்றையும் கழற்றிவிட்டு புரொப்பல்லரைத் தூக்கிப் பாருங்கள். கழிவுநீர் கலக்கும் இடங்களில் ஆகாயத்தாமரை எப்படிச் செழிக்கும் என்று தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் வேர் புரொப்பல்லரில் சுற்றினால் எஞ்சின் முக்கும். தண்ணீர் உறிஞ்சும் துளையை அடைத்தால் சூடேறும். சூடேறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் எஞ்சின்கள் உண்டு, பார்ப்பதற்கு அது மிஸ்ஸிங் போலவே இருக்கும். வேரை அகற்றி, எஞ்சினைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றை மாட்டி மறுபடி கிளப்பி, பின்புறம் பீச்சும் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடனே அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரை சேருங்கள்.