தபாலில் வாங்கிய நாணயம் போலியாக வந்தால், வராமலே போனால்

அப்பா மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்களை வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். 1911 மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த வருஷ ரூபாயில் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை, தும்பிக்கையும் காலும் குட்டையாக இருந்ததால், பன்றி மாதிரி தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது. வெளியிட்டதைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். அதனால்தான் சேகரிப்பவர்களிடம் அதற்குப் 'பன்றி ரூபாய்' என்று பெயர், அதனால்தான் இவ்வளவு போலிகளும். அதிலும் அப்பாவுக்கு வேண்டியது, பின்பக்கம் தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி உள்ள நாணயம். அந்தப் புள்ளி நம் பம்பாய் நாணயச்சாலையின் அடையாளம். புள்ளி இல்லாதது கல்கத்தா.

அப்பா போன பிறகு அதை நான் தேட ஆரம்பித்தேன். ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு வாங்கியது போலி. இன்னொரு விற்பனையாளரிடம் வாங்கிய ஒரு விக்டோரியா அரை ரூபாய்க்கு வெறும் உறைதான் வந்தது. இரண்டிலும் பணத்தைத் திரும்ப வாங்கினேன். எப்படி என்று எழுதுகிறேன். சயானில் என் வீட்டுக்கு வந்து கேட்டுப் போனவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறவிட்டிருந்தார்கள். உறையைக் கையில் வாங்கிய முதல் பத்து நிமிஷம்.

உறையைப் பிரிக்காதீர்கள். முதலில் தராசில் வையுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாணயம் வாங்குகிறவர் வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். அனுப்பும்போது எடை போட்டு ரசீதிலோ லேபிளிலோ அச்சடித்திருப்பார்கள். எனக்கு வந்த காலி உறையின் லேபிளில் 62 கிராம் என்று இருந்தது. என் தராசில் 41 கிராம். ஓரத்தில் டேப்பை உரித்து மறுபடி ஒட்டிய தடம் இருந்தது. தராசின் எண்ணும் லேபிளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்தேன். பிறகு போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து, உறையின் நான்கு பக்கமும் காட்டி, வெட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்தபடி பிரித்தேன். வீடியோவை நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அது ஆதாரமே இல்லை. உள்ளே மடித்த அட்டை மட்டும் இருந்தது. 21 கிராம் குறைவதைப் பார்த்த பிறகு விற்றவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாம் நாள் பணம் வந்தது. உறை, டேப், அட்டை எதையும் குப்பையில் போடாதீர்கள், எல்லாம் சாட்சி.

தபால்காரர் கையில் இருக்கும்போதே உறை கிழிந்திருப்பது தெரிந்தால் கையெழுத்துப் போடாமல், அஞ்சலகத்தில் அலுவலர் முன்னால் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 'டெலிவர்டு' என்று காட்டுகிறது, கையில் வரவில்லை என்றால் யாரிடம் கொடுத்தார்கள் என்ற சான்றைக் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் பாதி உறைகள் வாட்ச்மேன் மேசையில்தான் கிடக்கும், அங்கேயும் ஒரு தடவை பாருங்கள். காப்பீடு செய்யாத ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு, கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதனால் விலை உயர்ந்த நாணயத்துக்குக் காப்பீடு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கான காசை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இனி போலி. உண்மையான ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், குறுக்களவு சுமார் 30.5 மி.மீ., 91.7 சதவீதம் வெள்ளி. தேய்ந்திருந்தால் எடை கொஞ்சம் குறையலாம். எனக்கு வந்தது 10.71 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை, ஆனால் பித்தளையும்தான் ஒட்டாது. அடுத்து தண்ணீர்ச் சோதனை. சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் படாமல் முழுவதும் முங்கும்படி பிடியுங்கள். தராசு காட்டுவதுதான் நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதால் வகுங்கள். இந்தக் கலவை வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும். முழு எடையுள்ள ரூபாய்க்குத் தராசு 1.13 காட்டும். என்னுடையது 1.26 காட்டியது. வகுத்தால் 8.5, பித்தளைக் கணக்கு.

தாராவியில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "மெஷின்ல வச்சா வெள்ளின்னுதாம்மா காட்டும், மேல முலாம் பூசிருக்கான். உன் தண்ணிக் கணக்குதான் சரி" என்றார். எக்ஸ்ரே மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். அந்தச் சீட்டை மட்டும் நம்பி விடாதீர்கள். இன்னொன்று, உரசவோ அரத்தால் ராவவோ அமிலம் விடவோ கூடாது. நாணயத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று சொல்லிவிடுவார்கள்.

இத்தனை கண்டுபிடித்தும், புகாரில் 'போலி' என்று ஆரம்பித்ததுதான் நான் செய்த தவறு. நிபுணர் சான்று இருக்கிறதா என்று கேட்டுத் தளத்துக்காரர்கள் புகாரை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் வாங்குவதற்கு முன் எடுத்து வைத்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விற்பனைப் படத்திலிருந்த நாணயத்தின் விளிம்பில், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில், ஒரு பள்ளம். எனக்கு வந்ததில் அந்தப் பள்ளமே இல்லை. உண்மை நாணயத்தைப் படம் பிடித்துப் போட்டு வேறொன்றை அனுப்பியிருக்கிறார். 'படத்தில் காட்டிய பொருள் இதுவல்ல' என்பதை நிரூபிக்க எந்த நிபுணரும் வேண்டாம், இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். எடை வித்தியாசத்தை அடுத்ததாகச் சொல்லுங்கள். 'போலி' என்ற சொல் கடைசியில் வரட்டும். இதற்காகவே, பணம் கட்டும் முன் விற்பனைப் பக்கம் முழுவதையும், விலை, விவரம், படங்கள், விற்பவர் பெயரோடு சேமித்து வையுங்கள். பிரச்சினை வந்ததும் பக்கம் காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் எழுத்தில், தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே பேசுங்கள். "கேஸை மூடுங்க, நான் பணம் போட்டுடறேன்" என்று போனில் சொல்வார்கள். பணம் கணக்கில் விழும்வரை மூடாதீர்கள், மூடினால் பெரும்பாலும் திரும்பத் திறக்க முடியாது. நாணயத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் தளம் எழுத்தில் கொடுத்த முகவரிக்கு மட்டும், எடை போட்டுப் படமெடுத்து, காப்பீட்டோடு அனுப்புங்கள்.

அடுத்தது தளத்தின் குறைதீர் அலுவலர். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. பலருக்கும் தெரியாத ஒன்று: பொருளை வாங்கியவர் எழுதிக் கேட்டால், விற்றவரின் தலைமையிட முகவரியைத் தளம் கொடுத்தே ஆக வேண்டும். நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் பதில்களின் தொனி மாறியது.

அதே வாரம் வங்கிக்கும் எழுதினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமாகவே திரும்பப் பெறும் வழி, கேட்க முடிந்தது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். ஆனால் விற்பவர் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று அதைத்தான் கரைப்பார். நான் கொடுத்தது நான்கே தாள்: ஸ்க்ரீன்ஷாட், ஒப்பீட்டுப் படம், எடைப் படம், தளத்தோடு நடந்த கடிதங்கள். 41-ம் நாள் பணம் வந்தது. யூபிஐயில் அனுப்பியிருந்தால் இது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. தெரியாதவரிடம் வாங்கும்போது கார்டில் கட்டுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு தனி ஆள் தன்னிடமிருந்த ஒற்றை நாணயத்தை விற்றால், அந்த மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தாது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும்: விவரித்தபடி சரக்கு இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் யோசிக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சட்டத்தின் ஆண்டும் இந்த சைபர் உதவி எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல், குழம்ப வேண்டாம். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால், புகார் செய்ய ஈபே தளத்தில் 30 நாள், பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கே 180 நாள். பேபாலில் நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதற்குப் பாதுகாப்பு கிடையாது. திருப்பி அனுப்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது, அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. '1911' என்று பொறித்திருப்பது போலிதான் என்று சுங்கத்தில் வாயால் சொன்னால் நடக்காது, தொல்லியல் துறையின் 'தொல்பொருள் அல்ல' சான்று கேட்பார்கள். இதை விற்பவருக்கும் தளத்துக்கும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் சமரசம் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் மும்பை கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பில் வழிகாட்டுவார்கள்.

என் போலியை விற்றவர் திரும்பக் கேட்கவே இல்லை. அதை ஒரு அட்டை உறையில் வைத்து, எடை 10.71, தண்ணீர் 1.26 என்று எழுதி, அழியாத மையில் 'போலி' என்று பெரிதாகப் போட்டு, டப்பாவுக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எனக்குப் பின்னால் அந்த டப்பாவைத் திறக்கிறவர்கள் அதை இன்னொருவருக்கு விற்றுவிடக் கூடாது.