1950-களின் இங்கிலாந்து டிஸ்ட்ரிக்ட் சுகாதார அறிக்கையை வாசிக்கும் முறை

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டின் சுகாதார மருத்துவ அதிகாரியும் ஆண்டுதோறும் எழுதிய இந்த அறிக்கைகளில் பலவற்றை லண்டனில் உள்ள வெல்கம் நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் என்றதும் கலெக்டர் ஆளும் மாவட்டத்தை நினைத்துவிடாதீர்கள். இது கவுண்டி என்ற பெரிய நிர்வாகப் பகுதிக்குக் கீழே அன்று இருந்த சிறு பிரிவு; சில ஆயிரம் பேரே வசித்தவையும் உண்டு.

முதலில், எந்த வேலை யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1948 ஜூலை 5 முதல் மருத்துவமனைகள் தேசிய சுகாதார சேவைக்குப் போய்விட்டன. மருத்துவச்சி, வீட்டுச் செவிலியர், தடுப்பூசி, ஆம்புலன்ஸ் ஆகியவை கவுண்டி கவுன்சிலின் பொறுப்பாயின. குடிநீர், சாக்கடை, குப்பை, வீடுகள், உணவுச் சோதனை, தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவையே டிஸ்ட்ரிக்டிடம் மிஞ்சின. மருத்துவச்சி பற்றி ஒரே வரி இருந்தால் அது அலட்சியம் அல்ல. விவரத்தைக் கவுண்டி அறிக்கையில் தேட வேண்டும்.

விகிதங்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஓராண்டில் 90 பிறப்பு, 3 சிசு மரணம் என்றால் ஆயிரத்துக்கு 33.3. அடுத்த ஆண்டு அதே 90-க்கு 1 மரணம் என்றால் 11.1. இதை முன்னேற்றம் என்று எழுதினால் தவறு. இரண்டு குழந்தைகளின் வித்தியாசம்தான் அது. ஐந்தாண்டு மரணங்களைக் கூட்டி, ஐந்தாண்டுப் பிறப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குங்கள். விகிதங்களையே கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். 1950-இல் இங்கிலாந்து, வேல்ஸ் அளவு சுமார் 30, அதோடு ஒப்பிடலாம். பொது இறப்பு விகிதத்தை, அறிக்கையில் தரும் ஒப்பீட்டுக் காரணியால் (ஊருக்கு ஊர் மாறும் வயது, ஆண்-பெண் கலவையைச் சரிக்கட்டும் எண்) பெருக்கிய பிறகே வேறு ஊரோடு ஒப்பிட வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் குடியேறும் கடலோர ஊரில் சாவு அதிகமாகத்தான் இருக்கும்.

அந்நாளில் தட்டம்மை ஓராண்டு விட்டு ஓராண்டு ஏறியது. ஏறிய ஆண்டை ஏறிய ஆண்டோடு வைத்துப் பாருங்கள்.

நலப் பணியில் கவனிக்க வேண்டியது 1948 தேசிய உதவிச் சட்டம், பிரிவு 47. கடும் நாட்பட்ட நோயாளியோ, முதுமையால் தளர்ந்தவரோ சுகாதாரக்கேட்டில் வாழ்ந்து, தன்னையும் கவனிக்க முடியாமல், பிறர் கவனிப்பும் கிடைக்காமல் இருந்தால், அவரை மருத்துவமனைக்கோ காப்பகத்துக்கோ அகற்றும்படி, அதிகாரியின் சான்றோடு கவுன்சில் நீதிமன்றத்தை நாட முடிந்தது. ஏழு முழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. உத்தரவு மூன்று மாதம் வரை. அவசரத்துக்கு இது உதவவில்லை. 1951 திருத்தம், இன்னொரு மருத்துவரும் சான்றளித்தால் முன்னறிவிப்பின்றி மூன்று வாரம் வரை அகற்ற வழிசெய்தது. 'நடவடிக்கை இல்லை' என்ற வரியை, அப்படிப்பட்ட முதியவரே ஊரில் இல்லை என்று படிக்காதீர்கள். பேசிச் சம்மதிக்க வைத்தவை இந்தக் கணக்கில் வராது. பிரிவு 50, நல்லடக்கத்துக்கு ஆளில்லாத பிணங்களைப் பற்றியது. அந்தச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து கவுன்சில் வசூலிக்க முடிந்தது.

கடைசியாகச் சுகாதார ஆய்வாளரின் அட்டவணை. 1956-இல் 'சானிட்டரி இன்ஸ்பெக்டர்' என்ற பதவியின் பெயர் மட்டுமே 'பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர்' என்று மாறியது. புதுப் பதவி என்று எண்ண வேண்டாம். எடுப்புக் கக்கூஸ் எண்ணிக்கை குறைந்திருந்தால், இடித்த வீடுகளின் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். சாக்கடைக் குழாய் ஓரடிகூட நீளாமலே அந்த எண் இறங்கியிருக்கலாம்.